குடிநீருக்கும் வெள்ளோட்டம் உண்டு

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருவோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஊர் முழுவதும் குடிக்கிற குழாய்த் தண்ணீர்தானே, டாக்டர்? அதை எதற்காக இத்தனை தொட்டிகள் வழியாக மறுபடியும் சுத்தம் செய்கிறீர்கள்?” நியாயமான கேள்வி. நகராட்சி சுத்திகரித்து, சோதித்து அனுப்பும் நீரை மருத்துவமனை ஏன் மீண்டும் ஐயுற வேண்டும்?

சுருக்கமான விடை இது: எந்தச் சோதனையும் நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும், கேளாத கேள்விக்குச் சொல்லாது. இதன் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், ஒரு நகரம் தன் குடிநீருக்குப் புதிய சுத்திகரிப்பு முறை ஒன்றை எவ்வாறு சோதித்து ஏற்கிறது என்பதை அறிய வேண்டும். அதை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்குகிறோம்.

வெள்ளோட்டம் எப்படி நடக்கிறது?

புதிதாகச் செய்த தேரைத் திருவிழா நாளன்று முதன்முதலாக இழுப்பதில்லை. முன்னதாகவே ஒருநாள் அதை வீதிகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அச்சு பாரத்தைத் தாங்குகிறதா, சக்கரம் திருப்பத்தில் வளைகிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். குடிநீர்ச் சுத்திகரிப்பிலும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு. புதிய மருந்தொன்றை நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் மருத்துவத்துறை மேற்கொள்ளும் படிநிலைகளை அது பெரிதும் ஒத்திருக்கிறது.

முதற்படி ஆய்வகத்தில் நடப்பது. ஆற்றுநீரைச் சில கண்ணாடி ஜாடிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் சேர்த்துக் கலக்குவார்கள். நீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோலத் திரண்டு அடியில் படியும். எந்த ஜாடி விரைவில் தெளிகிறதோ அதில் இட்ட அளவே அன்றைய நீருக்கு ஏற்ற அளவு. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சோதனை அன்றைய நீரைப் பற்றி மட்டுமே பேசும். மழைக்காலத்து நீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இரண்டாம் படியே உண்மையான வெள்ளோட்டம். ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ சிறிய அளவில் ஒரு சுத்திகரிப்பு அமைப்பை நிறுவி, அதே நீரை இரவும் பகலும் அதன் வழியே செலுத்துவார்கள். நகரத்தின் பெரிய நிலையம் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் நீரைக் கையாளும். இச்சிறு அமைப்போ நிமிடத்துக்குச் சில லிட்டர்களையே கையாளும். வடிகட்டிக் குழாய் அகலத்தில் குறுகியதாக இருக்கலாம். ஆனால் அதிலுள்ள மணற்படுகையின் ஆழம் பெரிய நிலையத்தில் இருக்கப்போகும் ஆழமாகவே இருத்தல் வேண்டும். நீர் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் வழியில்தான் அழுக்கு பிடிபடுகிறது. அவ்வழியின் நீளத்தைக் குறைத்தால் சோதனையின் முடிவு பொய்யாகிவிடும்.

அங்கே அளக்கப்படுபவை பல. வெளிவரும் நீரில் எவ்வளவு கலங்கல் எஞ்சுகிறது, கிருமிகள் எந்த அளவு குறைகின்றன, வடிகட்டி அடைபடாமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அதைக் கழுவ எவ்வளவு நீர் செலவாகிறது ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் பதிவு செய்வார்கள். கோடையில் நீர் குறைந்து பாசி பெருகும். வெள்ளம் வந்தால் சேறு பெருகும். ஆகவே எல்லாப் பருவங்களும் ஒருமுறையேனும் வந்துபோகும் வரை, அதாவது ஓராண்டு, வெள்ளோட்டம் நீடிப்பது நல்லது. சோதனையில் வெளிவரும் நீரை மக்களுக்குக் குடிக்கக் கொடுப்பதில்லை. தவறு நேர்ந்தாலும் எவருக்கும் தீங்கு நேராத இடத்திலேயே அதைக் கண்டறிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

மூன்றாம் படி, பெரிய நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர் நடக்கும் தொடர் கண்காணிப்பு. சந்தைக்கு வந்த மருந்தின் பக்க விளைவுகளை மருத்துவர்கள் தொடர்ந்து கவனிப்பதற்கு இது நிகரானது.

லூயிவில் நகரம் கேட்ட கேள்வி

இம்முறைக்கு ஒரு சிறந்த முன்னுதாரணம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரம். அந்நகரம் ஓஹையோ ஆற்றிலிருந்து நீர் எடுத்துவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றுநீரைக் குடித்த நகரங்கள் பலவற்றில் டைபாய்டு காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர்களைப் பறித்தது. மணலில் மெதுவாக வடிகட்டும் முறை இலண்டனில் 1829ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1892இல் காலரா பரவி 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆற்றில், அந்நகருக்குக் கீழே நீர் எடுத்த அல்டோனா நகரம், மணல் வடிகட்டி இருந்தமையால் பெருமளவு தப்பியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் 1887இல் ஒரு சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. அங்குப் பெற்ற அறிவைக் கொண்டு 1893இல் நகரத்துக்கே வடிகட்டி அமைத்தபோது டைபாய்டு குறைந்தது.

அப்படியானால் அதே முறையை லூயிவிலும் பின்பற்றியிருக்கலாமே எனத் தோன்றும். தடையாக நின்றது ஓஹையோ ஆற்றின் சேறு. வெள்ளக் காலத்தில் அந்நீர் களிமண் கரைசல் போல் ஓடும். மெதுவாக வடிகட்டும் மணற்படுகை விரைவில் அடைபட்டுவிடும். அப்போது சில நிறுவனங்கள், படிகாரமிட்டு வேகமாக வடிகட்டும் இயந்திரங்களை விற்றுவந்தன. ஒவ்வொன்றும் தன் இயந்திரமே சிறந்தது என்றது. நகரத்தின் நீர் நிறுவனம் எந்த விளம்பரத்தையும் நம்பவில்லை. அவற்றின் இயந்திரங்களை ஆற்றங்கரையிலேயே நிறுவச் செய்து, ஒரே ஆற்றின் நீரை எல்லாவற்றிலும் செலுத்தி ஒப்பிட முடிவு செய்தது. முப்பது வயதை எட்டாத ஜார்ஜ் வாரன் ஃபுல்லர் என்பவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. லாரன்ஸ் சோதனை நிலையத்தில் பயிற்சி பெற்றவர் அவர்.

1895இல் தொடங்கிய சோதனை 1897 வரை நடந்தது. ஆறு தெளிந்திருந்த நாட்களில் இயந்திரங்கள் நன்றாகவே இயங்கின. சேறு பெருகிய நாட்களிலோ அவை திணறின. படிகாரச் செலவு ஏறியது, வடிகட்டிகள் அடிக்கடி அடைபட்டன. ஒரு வறண்ட மாதத்தில் மட்டும் சோதனையை நடத்தி முடித்திருந்தால், நகரம் பெரும் பொருளைச் செலவிட்டு வெள்ளக் காலத்தில் உதவாத இயந்திரங்களை வாங்கியிருக்கும்.

ஃபுல்லர் கண்ட முடிவு, எந்த நிறுவனமும் விற்றுவந்த பொருளன்று. முதலில் படிகாரமிட்டுச் சேற்றைத் திரட்ட வேண்டும். பின்னர்ப் பெரிய தொட்டிகளில் அதைப் படியவிட வேண்டும். அதன் பிறகே வேகமாக வடிகட்ட வேண்டும் என்றார். அவரது அறிக்கை 1898இல் வெளியாயிற்று. லூயிவிலின் பெரிய நிலையம் 1909இல் இயங்கத் தொடங்கியது. திரட்டுதல், படியவிடுதல், வடிகட்டுதல் என்னும் அவ்வரிசையே இன்று நம் நாட்டின் பெரிய நகரங்கள் உட்பட உலகின் பல்லாயிரம் நிலையங்களில் பின்பற்றப்படுகிறது. இதனோடு குளோரினும் சேர்ந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரக் குடிநீரில் 1908ஆம் ஆண்டு செப்டம்பரில் குளோரின் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்த ஜான் லீல் ஒரு மருத்துவர் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். அதற்கான அமைப்பை வடிவமைத்தவரும் ஃபுல்லரே.

லூயிவில் கேட்ட கேள்வி தெளிவானது: இந்த ஆற்றின் நீரை, இதன் எல்லாப் பருவங்களிலும், எந்த முறை தெளிவாக்கும்? கேள்வி முழுமையாக இருந்ததால் விடையும் முழுமையாகக் கிடைத்தது.

வாஷிங்டன் நகரில் விடுபட்ட கேள்வி

நூறாண்டுக்குப் பிறகு அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் நடந்தது வேறு விதமானது. குளோரின், நீரில் இயற்கையாகவே உள்ள மட்கிய பொருள்களோடு சேரும்போது டிரைஹாலோமீத்தேன் முதலிய சேர்மங்கள் உண்டாகின்றன. நெடுங்காலம் உட்கொண்டால் அவை தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயத்தால், அவற்றின் அளவுக்கு அரசு வரம்பு விதித்திருந்தது. அவ்வரம்புக்குள் நிற்பதற்காக, 2000ஆம் ஆண்டு நவம்பரில் அந்நகரம் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைனைப் பயன்படுத்தத் தொடங்கியது. குளோரினோடு அமோனியா சேர்வதால் உண்டாகும் குளோரமைன், நீண்ட குழாய்களில் நெடுநேரம் நிலைத்து நிற்கும். துணை விளைபொருள்களையும் குறைவாகவே உண்டாக்கும். கேட்ட கேள்விக்கு நல்ல விடையே கிடைத்தது.

ஆனால் நீரின் பயணம் நிலையத்தோடு முடிவதில்லை. வாஷிங்டனின் பழைய வீடுகள் பலவற்றுக்குக் காரீயக் குழாய்கள் வழியாகவே நீர் சென்றது. பல்லாண்டுகளாக ஓடிய குளோரின் நீர், அக்குழாய்களின் உட்புறத்தில் கரையாத காரீய ஆக்சைடு படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தது. அப்படலமே ஒரு கவசமாகவும் இருந்தது. குளோரமைன் வந்தபின் அக்கவசம் நிலைகுலைந்து, காரீயம் நீரில் கரையத் தொடங்கியது. லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்பது அங்கு நடவடிக்கை எடுக்கவேண்டிய எல்லை. நகரம் சோதித்த வீடுகளில் 4,000க்கும் மேற்பட்டவற்றில் அந்த எல்லை மீறப்பட்டிருந்தது. பொதுமக்களுக்கு இது பரவலாகத் தெரியவந்தது 2004ஆம் ஆண்டு ஜனவரியில், செய்தித்தாள் வழியாக.

காரீயம் கருவிலுள்ள சிசுவின் மூளையையும் இளங்குழந்தைகளின் மூளையையும் பாதிக்கும். தீங்கற்ற அளவு என்று ஒன்றை மருத்துவம் இன்றுவரை கண்டதில்லை. குழந்தைக்கு உடனடியாக எந்த அறிகுறியும் தோன்றாது. நீரிலும் நிறமோ மணமோ சுவையோ மாறாது. ஆகவே பெற்றோர் எவ்வளவு விழிப்புடன் இருந்தாலும் தாமாக அதைக் கண்டறிய வழியில்லை. குழாயைச் சோதிக்க வேண்டிய பொறுப்பு நீர் வழங்குவோருடையது.

பரிகாரம் தேடியபோது அந்நகரம் வெள்ளோட்டத்தின் துணையை நாடியது. காரீயத்தோடு சேர்ந்து புதிய படலம் உண்டாக்கக்கூடிய ஆர்த்தோபாஸ்பேட் என்னும் உப்பை, 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நகரின் ஒரு பகுதிக்கு மட்டும் நீரில் சேர்த்துக் கவனித்தனர். அதன் பின்னரே ஆகஸ்டு மாதத்தில் நகர் முழுவதற்கும் விரிவாக்கினர். பழைய காரீயக் குழாய்களைத் தோண்டி எடுத்து, வளையங்களாக இணைத்து, அவற்றில் நீரை ஓடவிட்டுச் சோதிக்கும் பணியும் நடந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் காரீய அளவு இறங்கியது. தேர் நிலையில் நின்றபடி சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பது வெள்ளோட்டமாகாது. அது செல்லவேண்டிய கடைசி வீதி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். நீருக்குக் கடைசி வீதி நம் வீட்டுக் குழாய்.

டயாலிசிஸ் நோயாளியின் கணக்கு வேறு

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். குடிநீர்த் தரங்கள் அனைத்தும் ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஓரிரு லிட்டர் நீரைக் குடிப்பார் என்ற கணக்கில் வகுக்கப்பட்டவை. அந்நீர் வயிற்றுக்குள் சென்று, குடலின் சுவரைக் கடந்து, கல்லீரல் வழியாகவே இரத்தத்தை அடைகிறது. எஞ்சும் வேண்டாத பொருள்களில் பலவற்றைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது.

டயாலிசிஸ் நோயாளிக்கு இந்தப் பாதுகாப்புகள் இல்லை. இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் திரவம் ஓடினால், ஒரு முறைக்கு 120 லிட்டர் ஆகிறது. வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். அத்தனை நீருக்கும் நோயாளியின் இரத்தத்துக்கும் இடையே இருப்பது மெல்லிய சவ்வு ஒன்று மட்டுமே. நுழைந்ததை வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. ஊருக்கு நல்ல நீர் இவர்களுக்குத் தீங்காவது இதனால்தான். புதிய மருந்துகளின் சோதனைகளில் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆகையால் அவர்களுக்குரிய மருந்தளவை நாங்கள் தனியே கணக்கிடுகிறோம். நீருக்கும் அதே நியதி பொருந்தும்.

மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

குளோரமைன்: குடிப்பவரின் வயிற்றில் இது பெரும்பாலும் செயலிழந்துவிடும். டயாலிசிஸ் சவ்வைக் கடந்தாலோ இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்; கடுமையான இரத்தசோகை உண்டாகும். அமெரிக்காவில் குடிநீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை இதற்கு அனுமதி உண்டு. டயாலிசிஸ் நீரிலோ வரம்பு 0.1 மில்லிகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. சான் பிரான்சிஸ்கோ 2004ஆம் ஆண்டு குளோரமைனுக்கு மாறியபோது டயாலிசிஸ் நிலையங்களுக்கு முன்கூட்டியே அறிவித்ததற்குக் காரணம் இதுவே.

அலுமினியம்: நீரைத் தெளிவாக்கும் படிகாரத்திலிருந்து இது சிறிதளவு எஞ்சக்கூடும். இந்தியக் குடிநீர்த் தரம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரை இதை அனுமதிக்கிறது. டயாலிசிஸ் நீருக்குரிய வரம்பு 0.01 மில்லிகிராம். இந்த வேறுபாடு அறியப்படாத 1970களில், டயாலிசிஸ் நோயாளிகள் சிலர் பேச்சுத் தடுமாறி, நினைவிழந்து, எலும்புகள் நலிந்து துன்புற்றனர். நீரிலிருந்த அலுமினியம் மூளையிலும் எலும்பிலும் சேர்ந்ததே காரணம் என்பது பின்னரே தெரிந்தது.

பாசி நஞ்சு: பிரேசில் நாட்டின் கரூவாரு நகரில் 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு நீர்த்தேக்கத்திலிருந்து லாரியில் வந்த நீர் போதிய அளவு சுத்திகரிக்கப்படவில்லை. நீலப்பச்சைப் பாசி உண்டாக்கிய நஞ்சு அதில் இருந்தது. 100 நோயாளிகளுக்குக் கல்லீரல் செயலிழந்தது. அவர்களில் 50 பேருக்குக் குறையாமல் இறந்தனர்.

எங்கள் பிரிவில் காணும் தொட்டிகள்

நீங்கள் காணும் தொட்டி வரிசைக்கு இப்போது பொருள் விளங்கும். மணல் வடிகட்டி கலங்கலை நீக்குகிறது. அடுத்தது உப்பு நீரின் கடினத்தன்மையைக் குறைக்கிறது. அதன்பின் வரும் இரண்டு கரித் தொட்டிகள் குளோரினையும் குளோரமைனையும் ஈர்த்துக்கொள்கின்றன. இறுதியில் ஆர்.ஓ. சவ்வு அலுமினியம் உள்ளிட்ட உப்புகளை நீக்குகிறது. குளோரமைன் ஆர்.ஓ. சவ்வைக் கடந்துவிடும், ஆகவே கரித் தொட்டிகளே அதற்குக் காவல்.

கரித் தொட்டி ஒன்று போதாதா எனச் சிலர் கேட்பதுண்டு. கரியின் ஈர்க்கும் ஆற்றல் ஒருநாள் தீர்ந்துவிடும். எந்த நாள் என்பது வெளியே தெரியாது. முதல் தொட்டியைக் கடந்த நீரை ஒவ்வொரு ஷிப்டு தொடங்கும் முன்னும் எடுத்துச் சோதிக்கிறோம். அதில் குளோரின் தென்பட்டாலும் இரண்டாம் தொட்டி அப்போதைக்குக் காக்கும். முதல் தொட்டியை மாற்ற அவகாசம் கிடைக்கும். காலையில் ஊசி போடுவதற்குச் சில நிமிடங்கள் தாமதமாவது சில வேளை இச்சோதனையால்தான். பொறுத்தருள வேண்டுகிறோம்.

குடும்பத்தார் கவனத்துக்கு

1. டயாலிசிஸ் நோயாளி குடிப்பதற்கு, வீட்டில் மற்றவர்கள் குடிக்கும் அதே பாதுகாப்பான நீர் போதும். அவர் கவனிக்க வேண்டியது மருத்துவர் குறித்த அளவையே. மேலே சொன்ன கடும் வரம்புகள் இயந்திரத்தில் ஓடும் நீருக்கு உரியவை.

2. பொங்கலுக்கோ திருமணத்துக்கோ வெளியூர் சென்று வேறு நிலையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ள நேர்ந்தால், நீர்ச் சோதனைப் பதிவேடு உண்டா, இன்றைய குளோரின் சோதனை முடிந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். கோடையில் லாரி நீரை நம்பியிருக்கும் இடமாயின் கட்டாயம் கேளுங்கள். லாரி நீரில் குளோரின் அளவு நாளுக்கு நாள் மாறுபடக்கூடும்.

3. டயாலிசிஸ் நடக்கும்போது மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, முதுகுவலி, வாந்தி, பார்வை மங்கல் தோன்றினாலோ, குழாயில் இரத்தம் வழக்கத்துக்கு மாறாகக் கருஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள். முடிந்தபின் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

4. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்பதால், நன்கு கொதித்த நீரையே ஆறவைத்துக் குடிக்க வேண்டும். குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் கொதிநிலையில் மடிந்துவிடும். நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

5. காய்ச்சுவதால் கிருமிகள் அழியும். காரீயம், புளோரைடு போன்றவை நீங்கா. இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் சிறிது நேரம் வெளியே விட்டுப் பாத்திரம் துலக்கவோ செடிக்கு ஊற்றவோ பயன்படுத்துங்கள். அதன்பின் வரும் நீரைச் சமையலுக்கும் கைக்குழந்தையின் பாலுக்கும் பிடியுங்கள்.

6. உங்கள் பகுதியில் நீர் ஆதாரமோ சுத்திகரிப்பு முறையோ மாறுவதாக அறிவிப்பு வந்தால், அடுத்த முறை வரும்போது எங்களிடம் தெரிவியுங்கள். நோயாளிகள் வழியாக வரும் செய்தி சில வேளை அலுவல்முறைக் கடிதத்துக்கு முன்னரே எங்களை வந்தடைகிறது.

எங்கள் பிரிவின் நீர்ச் சோதனைப் பதிவேடு செவிலியர் மேசையில் இருக்கிறது. அன்றன்றைய அளவும் சோதித்தவர் கையொப்பமும் அதில் இருக்கும். நோயாளியோ உடன் வருபவரோ எப்போது வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், விளங்காததைக் கேட்கலாம்.